குமுதாவின் இடது கால்

“ஓங்கி மிதிம்மா! பயப்படாதே!”

தரையில் குப்புறக் கிடந்த பெரியவர் கத்தினார். குமுதா சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கி அவர் இடுப்பில் இறக்கினாள். அவர் அலறிய அலறலில், வாசலில் நின்ற விமலா ஓரடி பின்வாங்கினாள்.

மூன்றாவது மிதிக்குப் பிறகு பெரியவர் மெல்லப் புரண்டார். எழுந்தார். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு முறை குனிந்து நிமிர்ந்து காட்டினார்.

“பாத்தியா?” என்று விமலாவின் விலாவில் இடித்தாள் செல்லாயி. கையுறைத் தொழிற்சாலையில் விமலாவோடு வேலை பார்ப்பவள். செமோரிலிருந்து பீடோர் வரை விமலாவின் காருக்கு வழி சொல்லிக் கூட்டி வந்தவளும் அவள்தான். “ரெட்டப் புள்ள பெத்தவ காலுக்கு அந்த ராசி இருக்குடி. நான் ஆசுபத்திரிக்கு நடையா நடந்தேன். இங்க ஒரே மிதி, வலி போச்சு!”

வாசலில் ஒரே அளவில் இரண்டு ஜோடிச் சின்னச் சிலிப்பர்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்ததும் விமலாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அவளுக்கு வேறு வழியும் இல்லை. கணவன் சீனி பீடோர் பக்கம் கொய்யா ஏற்றி, ஈப்போ மார்க்கெட்டில் இறக்குகிற லோரி டிரைவர். வாரத்தில் பாதி நாள் லோரியிலேயே தூங்கிக் கெட்டுப்போன முதுகு. வட்டு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது என்று டாக்டர் படம் பிடித்துக் காட்டிவிட்டார். இடது கால் மரத்துப்போய்விட்டது. கிளட்சு மிதிக்க முடியாதவனுக்கு லோரி எதற்கு என்று முதலாளி வேறு ஆள் தேடுகிறான். ஆனால் ஓப்பரேசன் என்ற பேச்சை எடுத்தாலே சீனி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

பெரியவர் கிளம்பும்போது குமுதாவை வம்புக்கு இழுத்தார்.

“ஒன் வீட்டுக்காரன் குடுத்து வச்சவன்மா. இடுப்பு புடிச்சா வீட்டுலயே வைத்தியம்.”

“அதான் இல்லண்ணே!” குமுதா சிரித்தாள். “கட்டுனவர மிதிச்சா பலிக்காது. பாவம் வேற. அவரு கோயோக் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்க வேண்டியதுதான். மத்தபடி யாரு வந்தாலும் மிதிப்பேன். மந்திரி வந்தாலும் குப்புறப் படுன்னுதான் சொல்லுவேன்.”

விமலாவும் சிரித்துவிட்டாள். சிரித்தே பல நாளாகியிருந்தது. காரை நோக்கி ஓடினாள்.

பின்சீட்டில் சீனி விழித்திருந்தான். வலி மாத்திரை மயக்கத்தில் வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தவன். முகம் வெளிறிப்போயிருந்தது.

“எங்கடி கூட்டியாந்துட்ட? வண்டிய திருப்பு!”

“கொஞ்சம் பொறுங்க. மூணே மிதிதான்...”

“பொம்பள கால்ல மிதி வாங்கச் சொல்றியா? வேணாம்லா! ஓப்பரேசனே பண்ணிக்கிறேன். இப்பவே ஆசுபத்திரிக்குப் போலாம், வா!”

விமலாவுக்கு அழுகை முட்டியது. கத்தி என்றாலே நடுங்குகிற மனுஷன். வலி எப்படியெல்லாம் பேச வைக்கிறது!

“என்னா தம்பி, ஆம்பளத் திமிரா?” செல்லாயி கார்க் கதவை அகலத் திறந்தாள். “அந்தப் புள்ள கால வுட்டா ஒன் காலுக்கு வேற கதி இல்ல. எறங்கு.”

அவளும் பெரியவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். முரண்டு பிடிக்க சீனியின் உடம்பில் தெம்பு இல்லை. தோளில் கிடந்த துண்டை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டான். மரத்த கால் சிமெண்டுத் தரையில் கோடு போட்டபடி இழுபட்டது. உள்ளே போனதும் யாரும் சொல்லாமலே பாயில் குப்புறச் சரிந்து, முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

“வெக்கப்படறாரு தங்கச்சி,” என்றாள் விமலா.

“எல்லா ஆம்பளையும் வாரப்ப இப்படித்தான். போறப்ப பாருங்க, ஓடுவாங்க!”

குமுதா அடுப்படியிலிருந்து சூடான எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். குந்தி உட்கார்ந்து, இரண்டு விரலை எண்ணெயில் தோய்த்துக்கொண்டு, அவன் சட்டையை மேலே தூக்கினாள்.

இடுப்புக்குச் சற்று மேலே, இருபது காசு நாணயத்தின் அகலத்தில் ஒரு கறுப்பு மச்சம்.

எண்ணெய் விரல் அப்படியே நின்றது. அதிலிருந்து ஒரு சொட்டு மச்சத்தின் மேல் விழுந்தது. சீனி அசையவில்லை. அதுவரை முனகிக்கொண்டிருந்தவன் முனகலையும் நிறுத்தியிருந்தான்.

“இவரு ஒங்களுக்கு யாருக்கா?”

“என் வீட்டுக்காரரு. ஏன் தங்கச்சி, ரொம்ப மோசமா இருக்கா? கால் போயிருமா?”

குமுதா எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்தாள். காலைத் தூக்கவில்லை.

“மிதிம்மா,” என்றார் பெரியவர்.

விமலா பதறிப்போய்க் குமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “யாரு வந்தாலும் மிதிப்பேன்னு நீதானே சொன்ன? எங்க பொழப்பே இவர் காலுலதான் இருக்கு. ஒன் ரெண்டு புள்ளைங்களும் நல்லாருக்கும். ஒரு மிதி, ஒரே ஒரு மிதி!”

குமுதா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை விமலாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

“இவர நான் மிதிச்சா பலிக்காதுக்கா.”