ஏழாம் நம்பரின் லேஸ்

"எங்க ஏழாம் நம்பர் மேல உங்களுக்கு என்ன சார் அப்படி ஒரு காண்டு?"

கீழ்பென்னாத்தூர் கோச் புகழேந்தி, ரெஃப்ரி தணிகாசலத்தை மைதானத்தின் ஓரமாக அழைத்துப் போய் எகிறினார்.

"மத்தவங்க பூட்ஸை ஒரு பார்வையில விட்டுடுறீங்க. அவனை மட்டும் அஞ்சு நிமிஷம் நோண்டுறீங்க. ஒவ்வொரு மேட்ச்லயும் இதே ரோதனை. கமிட்டில சொல்லிட்டேன். அடுத்த மேட்ச்ல இருந்து எங்களுக்கு வேற ரெஃப்ரி."

"சரிங்க" என்றார் தணிகாசலம்.

ஆட்டத்துக்கு முன் பையன்கள் வரிசையாக நின்றார்கள். பத்துப் பேரை மளமளவென்று பார்த்து முடித்தவர், ஏழாம் நம்பருக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். வழக்கம்போல லேஸ் அவிழ்ந்து கிடந்தது. பூட்ஸின் அடியைத் தடவிப் பார்த்தார். காலுறையை இழுத்துவிட்டார். பிறகு லேஸை மெதுவாக, மிக மெதுவாகக் கட்டினார்.

பையன் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்:

"அப்பா, அம்மா கேட்டா, உங்களைப் பாக்கவே இல்லைன்னுதான் சொல்றேன். கவலைப்படாதீங்க, அடுத்த மேட்ச்சுக்கும் லேஸ் கட்டாமத்தான் வருவேன்."