மாப்பிள்ளை சரி செய்த ஃபயர்வால்

"மறுபடியுமா?"

ஷூவைக்கூடக் கழட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டார் தஸ்தகீர்.

ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் சல்மான். பக்கத்து நாற்காலியில் மகள் தஸ்லிம். கொஞ்சம் தள்ளிக் கீரை ஆய்ந்தபடி மனைவி ஃபகருன்னிசா.

"ஆமாங்க, ஃபயர்வால் மடக்கிருச்சு. டிசைன் போகவே மாட்டேங்குது" என்றாள் ஃபகருன்னிசா.

அவள் எம்பிராய்டரி டிசைன் போடுகிறவள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வரைந்து, ஃபைல் ஷேரிங் சாஃப்ட்வேரில் அனுப்பினால், கிருஷ்ணகிரியில் தம்பி காலித் கடை மெஷின் அதை ஜாக்கெட்டில் தைத்துவிடும். தஸ்லிமுக்கும் சல்மானுக்கும் பரிசம் போட்ட நாளிலிருந்து அந்தச் சாஃப்ட்வேருக்கும் ஃபயர்வாலுக்கும் ஆகவே ஆகவில்லை.

சல்மான் பெங்களூர் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். வீடு உத்தனப்பள்ளி. மாமியாரிடமிருந்து ஒரு போன் வந்தால் போதும், பைக் ஓசூரில் இவர்கள் வீட்டு வாசலில் நிற்கும்.

"கொஞ்சம் லேட்டாயிருச்சு மாமா. சானமாவு காட்டுகிட்ட யானை ரோட்டுக்கு வந்துருச்சுன்னு வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க."

"அப்ப திரும்பிப் போயிட்டு நாளைக்கு வந்திருக்கலாமே மாப்ளே?"

"மாமிக்கு அவசரம்னாங்க..." சல்மானின் காது சிவந்தது.

"ஃபயர்வால்னா என்னாங்க?" என்று தஸ்லிம் மெதுவாகக் கேட்டாள்.

"வாட்ச்மேன் மாதிரி. தெரியாத ஆளுங்களை வீட்டுக்குள்ள விடாது."

"உங்களை மட்டும் எப்படி விட்டுச்சு?"

தஸ்தகீர் பலமாக இருமினார். தஸ்லிம் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். சல்மான் எதையோ தப்பாக அழுத்தி, கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டார்.

"இனிமே மடக்காது மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் அன்றைக்குக் கிளம்பினார். அதே வாரத்தில் மறுபடியும் மடக்கியது. அடுத்த வாரமும் மடக்கியது.

தஸ்தகீர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். ஒரு மெஷின் ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறை நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. கம்பெனியில் சிஸ்டம் பார்க்கும் தினேஷ்குமாரைக் கேன்டீனில் பிடித்தார்.

"ஏம்ப்பா, ஃபயர்வாலைச் சரி பண்ணா திரும்பத் திரும்ப மடக்குமா?"

"ஒரு தடவை அலவ்னு டிக் பண்ணிட்டா அது பாட்டுக்கு இருக்கும் சார். வேணும்னே யாராச்சும் டிக்கை எடுத்தாத்தான் மடக்கும்."

தஸ்தகீருக்குச் சுருக்கென்றது. வேணும்னேவா? அதைத் தொடுகிறது வேறு யார்? இன்ஜினியர்தான்! கோளாறை வைத்துவிட்டுப் போகிறான், கோளாறைச் சரி செய்ய வருகிறான், நடுவில் என் வீட்டு டீயையும் குடிக்கிறான், என் பொண்ணையும் சிரிக்க வைக்கிறான். நிக்காஹுக்கு முன்னாடியே இத்தனை தில்லுமுல்லு பண்ணுகிறவன், அப்புறம் என்னவெல்லாம் பண்ண மாட்டான்?

இந்தச் சம்பந்தமே வேண்டாம். இன்றைக்கே சல்மானின் அத்தாவுக்கு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான்.

பர்மிஷன் போட்டுவிட்டு மத்தியானமே வீட்டுக்குக் கிளம்பினார். ஃபகருன்னிசாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போன் செய்யலாம் என்று எண்ணம்.

கதவு ஒருக்களித்திருந்தது. தஸ்லிம் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஃபகருன்னிசா கம்ப்யூட்டர் முன்னால், மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தாள். மவுஸ் 'டக்'கென்றது. டிக் காணாமல் போனது. அவள் சந்தோஷமாகப் போனை எடுத்தாள்.

"மாப்ளே... பாழாப்போனது மறுபடியும் மடக்கிருச்சு மாப்ளே!"

"ஃபகரு!"

போன் கீழே விழுந்து கட்டானது.

"நீயா? இத்தனை நாளா நீயா பண்ணிட்டிருந்தே? என்னாத்துக்கு? காலித் வேலை என்னாகறது?"

"காலித்துக்கு வேண்டியதெல்லாம் அனுப்பிட்டுத்தாங்க டிக்கை எடுப்பேன்." முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். "பரிசத்தன்னிக்கு நம்ம தஸ்லிம் தலையை ஆட்டினது உங்களுக்குப் பயந்துங்க. ராத்திரி தலைகாணி நனைஞ்சு கெடந்துச்சு. யாரு, எப்படிப்பட்டவருன்னே தெரியாதேன்னு அழுதா."

தஸ்தகீர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"எனக்கும் அப்படித்தானே? நிக்காஹுக்கு முன்னாடி உங்க குரலைக்கூடக் கேட்டதில்ல. நீங்க நல்லவரா கோவக்காரரான்னு தெரியாம, வந்த புதுசுல நீங்க செருப்பைக் கழட்டற சத்தம் கேட்டாலே நடுங்குவேன். அவளுக்கு அந்த நடுக்கம் வேணாம்னுதான்... நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேங்க, ஒரு நிமிஷம் எந்திரிக்கல."

"இப்ப என்ன சொல்றா?"

ஃபகருன்னிசாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "காலையில எந்திரிச்சதும் சலாம் சொல்றதுக்கு முன்னாடி, 'அம்மா, இன்னிக்கு ஃபயர்வால் எப்படி இருக்கு'ன்னு கேக்கறா."

மாடியிலிருந்து தஸ்லிம் ஏதோ முணுமுணுத்துப் பாடுவது கேட்டது. இந்த வீட்டில் அவள் பாடி அவர் கேட்டதே இல்லை.

தஸ்தகீர் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார். கீழே கிடந்த போனை எடுத்துத் துடைத்து மனைவி கையில் கொடுத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"வெறும் டிக்கை எடுத்தா அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டுக் கிளம்பிருவாரு. கொஞ்சம் தள்ளு, நான் பாக்கறேன்."