வருணனை ஏசியவள்

பசுவந்தனைப் பக்கத்திலிருந்து வந்த கூட்டத்துக்கு ஊர்த்தலைவர் கண்ணபிரான்தான் முன்னால் நின்றார். எல்லார் காலிலும் அப்பியிருந்த கரிசல் சேறு காவல் நிலையத் தரையெங்கும் பதிந்தது.

“யோகலட்சுமின்னு எங்க ஊருப் பிள்ள, மேடம். சென்னையில மேடையேறி, காமெடிங்கிற பேர்ல வருண பகவான அசிங்கமா ஏசிட்டா. அவ அப்பன ஊர் முன்னால கால்ல விழ வச்சாச்சு. அவ மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேங்கா. கேஸ் போடுங்க.”

“என்ன ஏசினா?” என்றார் எஸ்.ஐ. ரேணுகாதேவி.

“அத வாயால சொல்ல முடியுமா? எங்க வீட்டுக்காரியப் பாருங்க, கேட்டதுல இருந்து தல நிமிரல.”

பக்கத்தில் நின்ற சுந்தரம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கண்ணபிரான் செல்போனை நீட்டினார். “ஏலே வருணா, கண்ணு அவிஞ்சு போச்சா? எவ வீட்டுல படுத்துக் கெடக்க?” என்றது யோகலட்சுமியின் குரல். அரங்கம் சிரித்தது.

“எந்தப் பொம்பளையாவது இப்படிப் பேசுவாளா, மேடம்?”

“நான் பேசுவேன்,” என்றாள் சுந்தரம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“மழ வேணும்னு வீடு வீடா மழைச்சோறு வாங்கித் தின்னுட்டு, ஊர் எல்லையில நின்னு பொம்பளையெல்லாம் வருணன இப்படித்தான் ஏசுவோம். அங்கன ஆம்பளைக வரக்கூடாது, அதான் இவியளுக்குத் தெரியல. சின்னப் பிள்ளையில எங்கூட வந்துதான் அவ கத்துக்கிட்டா. போன வாரமும் நாந்தான் மொதல்ல ஏசினேன். மறுநா பிடிச்ச மழ இன்னும் விடல. அவ அப்பன் கால்ல விழும்போதுகூட நான் வாயத் தொறக்கல, மேடம்.”

கண்ணபிரான் குனிந்தார். காலில் ஒட்டியிருந்த சேற்றை எங்கே துடைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.