பழைய வேகம்

சென்னியப்பன் துண்டை விரித்து, உள்ளங்கையளவு அலுமினியப் பெட்டியை என் மேசையில் வைத்தார். அவர் மகன் கிருபாகரனுடைய காரின் எஞ்சின் கம்ப்யூட்டர். அதில் வேகத்தைக் கூட்டிக் கொடுத்தவன் நான்தான். போன மாதம் லாரியில் மோதியதில் அவனும் காரும் போக, இதுதான் மிச்சம்.

"இதப் பழையபடி மாத்திக் குடுங்க தம்பி."

"காரே இல்லீங்களே. இனி எதுக்குங்கய்யா?"

"தெனம் சாயங்காலம் வீட்டுக்கு வர்றான் தம்பி. வர்ற வேகத்துல வாசல்ல நிறுத்த முடியாம தாண்டிப் போயிடறான். அவங்கம்மா கதவத் தொறந்து வெச்சுட்டு நிக்கறா."

எந்தக் காரைத் தொட்டாலும் அதன் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரிஜினல் ஃபைலை முதலில் என் லேப்டாப்பில் எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம். கிருபாகரன் பெயரில் அது அப்படியே இருந்தது. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து அதை ஏற்றினேன். அவர் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் போன் செய்தார்.

"இன்னைக்கு நின்னுட்டான் தம்பி. உக்காந்து சாப்பிட்டான். உங்களப் பாக்கணும்னு இப்பத்தான் கெளம்பினான். மெதுவாத்தான் வருவான், இருங்க."