தொண்ணூற்றேழு சதவீதம்

பதினோரு நாளாக அந்தப் பட்டை தொண்ணூற்றேழிலேயே நின்றது.

யாருக்கு எந்த வேலை, எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அலுவலக மென்பொருளில் மற்ற பட்டைகள் எல்லாம் பச்சை. உம்மு லைத்தின் பட்டை மட்டும் மஞ்சள். அந்த வேலையில் அவளும், அவளுக்கு உதவியாக ஒப்பந்தத்தில் வந்த பிஷ்ரும். ஒப்படைக்க மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. ஆனாலும் ரியாத் தலைமையகம் தினமும் கேட்டது, மீதி மூன்று எங்கே என்று.

ஜோர்டானில் உள்ள அம்மான் கிளையின் தலைவர் அபூ ஸுஹைல், கம்ப்யூட்டர் பெட்டி சுமந்து மேலே வந்தவர். யாரையும் லேசில் நம்பமாட்டார். இருபது வருட அனுபவக்காரி, மீதி மூன்று சதவீதத்தை எதற்கு இழுக்கிறாள்?

தினமும் பதினோரு மணிக்குப் பால்கனிக்குப் போய் போனில் கிசுகிசுக்கிறாள். இவர் தலை தெரிந்தால் பேச்சு நிற்கிறது. போட்டிக் கம்பெனி அவளுக்கு ஆள் விட்டுப் பார்த்தது இவருக்குத் தெரியும். இங்கே வேலையை முடக்கி வைத்துவிட்டு அங்கே விலை பேசுகிறாள். பேரத்தின் வாசனை இவருக்குத் தெரியாதா?

செவ்வாய்க்கிழமை அவள் பால்கனிக்குப் போனதும், அவள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். வேலை முழுசாக முடிந்திருந்தது. கடைசித் திருத்தம் பதினோரு நாளுக்கு முன்பு.

அவள் திரும்பி வந்து நின்றாள்.

"முடிச்ச வேலையை ஒளிச்சு வச்சிருக்கீங்க. அந்தப் பக்கம் எவ்வளவு தர்றான், உம்மு லைத்?"

அவள் மறுக்கவில்லை. வியாழன் வரை விட்டுவிடுங்கள், அப்புறம் என்னை வேலையை விட்டே அனுப்பினாலும் சரி என்றாள்.

"வியாழக்கிழமை என்ன, அட்வான்ஸ் வருதா?"

அவள் விசைப்பலகையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அப்போ நானே முடிச்சு வைக்கிறேன்." நூறு என்று தட்டினார்.

திரை சிவப்பில் கேட்டது: 'பணி நிறைவு. விடுவிக்கப்படுபவர்: பிஷ்ர், ஒப்பந்த ஊழியர். மருத்துவக் காப்பீட்டு அட்டை இன்று மாலையுடன் ரத்தாகும். உறுதி செய்யவா?'

அவர் விரல் அந்தரத்தில் நின்றது.

"அவன் பொண்டாட்டிக்கு இது நிறைமாசம்," என்றாள் தாழ்ந்த குரலில். "டாக்டர் வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்காரு. அந்தப் பொண்ணுக்குத் தாய் இல்ல. தினம் நான்தான் போன்ல தைரியம் சொல்றேன். இந்த மூணு சதவீதத்தை நான்தான் பிடிச்சு வச்சிருக்கேன்னு பிஷ்ருக்குத் தெரியாது. தெரிஞ்சா ரோஷத்துல அவனே வந்து நூறைத் தட்டிடுவான்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க என்னைக்கு நூறுக்குக் குறைஞ்சு எதையும் ஒத்துக்கிட்டிருக்கீங்க?"

அபூ ஸுஹைல் 'இல்லை'யை அழுத்தினார். ரியாத்துக்குப் போன் போட்டார். சோதித்துப் பார்த்ததில் வேலையில் ஓட்டை இருக்கிறது, நான்தான் சரியாகக் கவனிக்கவில்லை, திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள் என்றார். திட்டினார்கள். கேட்டுக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"தொண்ணூத்தேழெல்லாம் பத்தாது, உம்மு லைத். எழுபதுன்னு போடுங்க. புள்ளை என்ன, டாக்டர் சொன்ன தேதிக்கா பொறக்குது?"