பத்துப் போஞ்சி விதை

“ஒம் புருசன் கைய ஒடைக்கட்டுமா, காலை ஒடைக்கட்டுமா? நீயே சொல்லு இராக்கம்மா.”

கேட்டுவிட்டு ரெங்கசாமிக் கங்காணி மறுபடியும் பிரம்பை ஓங்கினார். தேயிலைத் தோட்டத்து ஸ்டோர்க் காவல்காரன் இராசையா தரையில் சுருண்டு கிடந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“அவரு ஒண்ணும் செய்யலீங்க! வெலிமடையிலேருந்து நீங்க கொண்டாந்து எறக்கின சாக்கு, எறக்கினபடியே இருக்குங்க!” இராக்கம்மா குறுக்கே விழுந்தாள். அடி அவள் முதுகில் இறங்கியது.

“புது வெதைய வித்துட்டுப் பழச அடைச்சு வச்சிருக்கான். லயத்துச் சனம் காய்கறிப் பாத்தியில நட்டா ஒண்ணாவது மொளைக்குமா?” கங்காணி சாக்கை உதைத்தார்.

சத்தம் கேட்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிளாக்கர் குமாரசிங்கம் ஓடி வந்தார். சாக்கின் வாய் தைத்தபடியே இருந்தது. தையலை அறுத்து ஒரு கை அள்ளினார். போஞ்சி விதைகள் சுருங்கி மங்கிப்போயிருந்தன.

“பழசுதான். ஆனால் முளைக்காதெண்டு எப்பிடிச் சொல்லுறது? பத்து விதையை ஈரச் சாக்கில சுத்தி என்ரை அலுமாரியில பூட்டி வைக்கிறன். எட்டு நாளில பாதி முளைச்சால் இவனை விட்டிடு.”

“மொளைக்காட்டி?”

“வேலை இல்லை. குடும்பத்தோட லயத்து வீட்டை விட்டுப் போகவேணும்.”

“இப்பவே சட்டி பானையக் கட்டச் சொல்லுங்கய்யா!” கங்காணி சிரித்தார். போகிற போக்கில் இராசையாவின் விலாவில் ஓர் உதை விட்டார்.

எட்டு நாளும் இராக்கம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போவதற்கு வேறு இடம் இல்லை.

ஒன்பதாம் நாள் லயத்து ஆட்கள் பதினைந்து பேர் ஸ்டோருக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். கையில் கட்டோடு இராசையா சுவரில் சாய்ந்திருந்தான். கிளாக்கர் அலுமாரியைத் திறந்து ஈரச் சாக்கை விரித்தார்.

ஏழு விதைகள் வெடித்து வெள்ளை வேர் விட்டிருந்தன.

கங்காணி பாய்ந்து இராசையாவின் கழுத்தைப் பிடித்தார். தலையைச் சுவரில் மோதினார்.

“திருட்டு நாயே! எட்டு வருசமா எங்க வீட்டுப் பரண்ல கெடந்த வெதை எப்பிடிடா மொளைக்கும்?”

சொன்ன பிறகுதான் அவர் பிடி தளர்ந்தது. பதினைந்து பேரும் அவரையே பார்த்தார்கள்.

கிளாக்கர் வெளியே போய், கங்காணியை அவர்களோடு உள்ளே விட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு நடந்தார்.