கதவின் உள்பக்கம்

“ராஜகுமாரியைக் கோபுரத்துல பூட்டி வைக்கிறாரே ராஜா, அவர் கெட்டவர் இல்ல. வெளியே ஓநாய் இருக்குன்னு பயம். கூண்டுக்கிளி, வாடின ரோஜா எல்லாமே குறியீடு, புரியுதா?”

வாரப் பத்திரிகையில் சினிமா விமர்சனம் எழுதும் கணவர், லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த கார்ட்டூன் படத்தை நிறுத்திவிட்டு மனைவிக்கு விளக்கினார்.

“கதவை விட்டுட்டீங்களே!” என்றாள் அவள். “உள்ளங்கை படுற இடத்துல மட்டும் பச்சைப் பெயின்ட் தேஞ்சிருக்கு பாருங்க. திறக்குமான்னு தினமும் தள்ளித் தள்ளிப் பாத்திருக்கா, பாவம்.”

பெரிதாக்கிப் பார்த்தார். ஆமாம்! மூன்று தடவை பார்த்தும் அவர் கண்ணில் படவே இல்லை.

“அட, சபாஷ்! இதையே தலைப்பா வச்சிடறேன்.”

மளமளவென்று எழுதி அனுப்பிவிட்டு, ஆபீசுக்குக் கிளம்பினார். பாதிப் படி இறங்குவதற்குள் ஆசிரியரிடமிருந்து போன்.

“அசத்திட்டீங்க சார்! அந்தக் கதவு யார் கண்ணுலயும் படலையே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“எனக்கெங்க தெரிஞ்சுது? வீட்டுக்காரி சொன்னா.”

“அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதாம்?”

“அதானே! இருங்க, கேட்டுடறேன்.”

சிரித்துக்கொண்டே படியேறினார். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று, கல்யாணமான நாளிலிருந்து வெளியே போகும்போதெல்லாம் மாட்டிவிட்டுப் போகும் பூட்டைத் திறந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். 

சாத்திய கதவில், உள்ளங்கை படும் இடத்தில் மட்டும், பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.